கயிற்றில் இரண்டு வெட்டு

என் நாட்குறிப்பில் அந்தச் சித்திரைப் பௌர்ணமிக்கு நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "வற்றம் மாலை நான்கு மணி வாக்கில். வயல் கூப்பிடவில்லை. மாஸ்டருக்கு வலக்கை, மூன்று விரல். அத்தான் ஸ்டேஷனில். மழை இல்லை." அது என் வழக்கமான குறிப்பு. வற்றம், அதாவது கடல் நீர் இறங்குவது, எப்போது, கப்பல் வந்ததா, மழை எவ்வளவு, யார் வீட்டில் கல்யாணம், யார் இறந்தார்கள் என்று முப்பத்தைந்து வருடங்களாக இப்படித்தான் எழுதி வருகிறேன். அரசாங்க ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கையில் கிடைக்கிற புத்தகத்தையெல்லாம் படிப்பேன். தேதி தெரியாத செய்தியை நம்ப மாட்டேன்.

அந்தக் குறிப்பை எடுத்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது விரல்கள் அல்ல, கயிறு. நீல நிற நைலான் கயிறு, கட்டைவிரல் கனம். செத்துப்போன ஒரு தென்னையின் மொட்டை மரத்தில் மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. தண்ணீர் ஏறும்போது மூழ்கிவிடும், நன்றாக வற்றும் நாட்களில் மட்டும் பாசி படிந்து வெளியே தெரியும். கயிற்றின் மறு பாதி அன்றைய விழா மேடையோடு போய், பிறகு போலீஸாரிடம் போயிற்று.

போர்ட் பிளேரிலிருந்து சௌல்தாரிப் பக்கம் போகிற சாலையில் ஒரு திருப்பம் தாண்டியதும் இடது கையில் அகலமாகத் தண்ணீர் தெரியும். ஊரின் பெயர் வேண்டாம். சுற்றுலா வருகிறவர்கள் அங்கே வண்டியை நிறுத்தி, "ஏரி எவ்வளவு அழகு" என்று படம் எடுப்பார்கள். தண்ணீருக்கு நடுவே தலையில்லாத தென்னைகளும் கமுகுகளும் நிற்கும், அவற்றின் மேல் கொக்கு உட்கார்ந்திருக்கும். அது ஏரி இல்லை. 2004 டிசம்பர் 26 காலைவரை அது நெல்வயல். அன்று நிலம் நடுங்கியதோடு நிற்காமல் அமிழ்ந்தும் போயிற்று. அலை வந்தது, திரும்பியும் போயிற்று. ஆனால் தாழ்ந்துவிட்ட நிலத்துக்குள் நுழைந்த உப்புத் தண்ணீர் போகவில்லை. அன்றிலிருந்து கடல் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி, அங்கேயே குடியிருக்கிறது.

அதற்குள் கிடக்கும் வயல்களில் ஒன்று என் அத்தானுடையது. அக்காவின் கணவர். சாத்தம் தீவுக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் இடையே ஓடும் படகில் செராங், அதாவது படகை நடத்துகிற பொறுப்பாளி. அவருடைய அப்பா இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து, பல வருடம் கூலி வேலை செய்து வாங்கிய நிலம் அது. மேலக்கட்டு என்று பெயர். அத்தான் முன்னிலையில் யாராவது ஏரி என்று சொல்லிவிட்டால் அவருக்கு முகம் கறுத்துவிடும். "ஏரின்னு சொன்னா எங்கப்பன் தண்ணிக்குள்ள நெல்லு நட்டான்னு ஆயிரும் மாப்ள. வயலுன்னு சொல்லு. முழுகுன வயலுன்னு சொல்லு" என்பார். பெரிய ஆள். வலது தோள் இடதைவிடச் சற்று இறங்கியிருக்கும். கோபம் வந்தால் கத்துவார், கத்தி முடித்ததும் பசிக்கிறது என்பார்.

விழா எப்படித் தொடங்கியது என்பதை விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளம் புகுந்த பிறகு வந்த முதல் கோடையில், பௌர்ணமியன்று மாலை நீர் நன்றாக வற்றியபோது, வரப்புகள் கறுப்புக் கோடுகளாக வெளியே தெரிந்தன. வயலை இழந்தவர்கள் அதைப் பார்ப்பதற்காகக் கரையில் கூடினார்கள். வங்காளிக் குடும்பங்கள், தெலுங்குக்காரர்கள், ஒரு மலையாளி, ராஞ்சிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் காட்டு வேலைக்கு வந்தவர்கள், அத்தான். யாருடைய வயல் எது என்று கையைக் காட்டிப் பேச்சு வந்தது. ஒருவர் சும்மா ஒவ்வொரு வயலின் பெயரையும் உரக்கச் சொல்லிப் பார்த்தார். ராஞ்சிப் பெரியவர் ஒருவர் தோளில் மாந்தர் என்னும் மேளத்தோடு வந்திருந்தார். தன் வயலின் பெயர் வந்ததும், நான் இங்கே இருக்கிறேன் என்பதுபோல மேளத்தை அடித்தார். அவ்வளவுதான். அடுத்த கோடையில் வங்காளிப் பெண்கள் சங்கு கொண்டுவந்தார்கள், தெலுங்குக்காரர்கள் டப்பு மேளம் கொண்டுவந்தார்கள், மலையாளி ஜால்ரா கொண்டுவந்தார். அத்தான் உடைத்துப்போட்ட ஒரு பழைய படகிலிருந்து மணியைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒருவர் கூப்பிடுவார், வயலுக்கு உரியவர் பதில் கொடுப்பார். வயல் கூப்பிடுவது என்று அதற்குப் பெயர் வந்தது. கூப்பிட்டு முடிந்ததும் அவரவர் மொழியில் பாட்டு, கொண்டுவந்த சாப்பாடு, இருட்டுவதற்குள் வீடு. இங்கே ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்.

அதை விழாவாக்கியவர் மாஸ்டர். போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவர், கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். எந்த மொழிக் கல்யாணமானாலும் இரண்டு தடவை கேட்டால் பாட்டு அவர் விரலுக்கு வந்துவிடும். அவருக்கு அங்கே வயல் கிடையாது. ஆனால் கூப்பிடுவதற்கு அவரைவிட நல்ல குரல் யாருக்கும் இல்லை. வங்காளப் பெயரை வங்காளியைப்போலவும் தெலுங்குப் பெயரைத் தெலுங்கரைப்போலவும் கூப்பிடுவார். பந்தல், ஒலிபெருக்கி, பிளாஸ்டிக் நாற்காலி, "ஏரிக்கரை கோடை இசை விழா" என்ற பேனர், சிறப்பு விருந்தினர் எல்லாம் அவர் மூலமாகத்தான் ஒவ்வொன்றாக வந்தன. பேனரைப் பார்த்து அத்தான் முதல் வருடம் சண்டை போட்டார். "செராங் அண்ணே, முழுகுன வயல் இசை விழான்னு போட்டா எவன் வருவான்?" என்று மாஸ்டர் சிரித்தார். அத்தானும் கடைசியில் சிரித்துவிட்டார். விழாவின் தொடக்கத்தில் வயல் கூப்பிடுவது மட்டும் மாறாது என்ற பேச்சின் மேல்தான் அவர் ஒத்துக்கொண்டார். அந்த ஒன்றுக்காகத்தான் தன் தென்னை மரத்தில் மேடையைக் கட்டிக்கொள்ளவும் விட்டார்.

மேடை மிதக்கும் மேடை. மாஸ்டர் எங்கேயோ கைபேசியில் பார்த்து ஆசைப்பட்டது. பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, ஒரு கயிற்றால் கரையில் அடித்த முளைக்கும் இன்னொன்றால் மேலக்கட்டு ஓரத்துத் தென்னைக்கும் பிணைத்திருந்தார்கள். கரையிலிருந்து ஏறுவதற்கு ஒரு நடைப்பலகை. படகுக்காரர் என்பதால் அந்த வேலை அத்தான் பொறுப்பு.

அந்தச் சித்திரைப் பௌர்ணமியன்று மதியம் நானும் அக்காவும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது அத்தான் மேடைமேல் உட்கார்ந்து, தாவ் என்று இங்கே சொல்லும் நீளக் கத்தியால் கயிற்று முனைகளை நறுக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கரையில் ஒலிபெருக்கிக்காரரோடு ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செராங் அண்ணே, இந்தத் தடவை கூப்பிடறது ரெடிமேட்" என்றார் மாஸ்டர்.

"ரெடிமேடுன்னா?"

"போன வருஷம் முழுசா ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன். ஏக்தம் கிளியர். சீஃப் கெஸ்ட் வர லேட்டாகும், வந்தா உடனே கிளம்பணுமாம். பட்டனை அமுக்கினா எல்லா வயலும் கூப்பிட்டாச்சு, பதிலும் வந்தாச்சு."

"ஆளுக உசுரோட கரையில நிக்கிறாங்கடா. டேப்பு எதுக்கு?"

"நிக்கட்டும்ணே, கைதட்டட்டும். யாருக்கும் சிரமமில்ல."

"சாப்பிட்டியான்னு ஒம் பொண்டாட்டி கேட்டா, போன வருசம் தின்னத போட்டுக் காட்டுவியா நீ?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். "டைம் நஹீ ஹை அண்ணே, புரிஞ்சுக்கங்க" என்றார்.

"பட்டன அமுக்குன கைய வெட்டிப்புடுவேன், ஆமா."

மாஸ்டர் இரண்டு கைகளையும் அத்தான் பக்கம் நீட்டினார். "எந்தக் கைன்னு இப்பவே சொல்லிடுங்க. நாளைக்குப் பாம்பூஃப்ளாட்ல கல்யாணக் கச்சேரி, ஒரு கையாவது வேணும்." எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அக்கா மட்டும், "கத்தியக் கையில வெச்சுக்கிட்டு என்ன பேச்சு இது, வாயக் கழுவுங்க" என்று அத்தானைத் திட்டி, சோற்றுப் பாத்திரத்தைப் பலகைமேல் வைத்தாள்.

பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அத்தானும் மாஸ்டர் அப்படிச் செய்ய மாட்டார் என்றே நினைத்திருக்க வேண்டும். மணியைத் துடைத்து மேடையோரத்தில் தொங்கவிட்டிருந்தார்.

நான்கு மணிக்கு வரப்புகள் தெரிந்தன. வயல்காரர்கள் வரிசையாகக் கரையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நாற்காலிகளில் நகரத்திலிருந்து வந்த கூட்டம். விருந்தினர் வரவில்லை. நீர் மறுபடி ஏறத் தொடங்கி, வரப்புகள் ஒவ்வொன்றாக முழுகின. விருந்தினரின் கார் வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. டியூப் லைட்டுகளைப் போட்டார்கள். நடனம் ஆட வந்த பள்ளிக் குழந்தைகள் பத்துப் பன்னிரண்டு பேர், மணியருகே நின்ற அத்தானோடு மேடையில் சலங்கை கட்டித் தயாராக நின்றார்கள். மாஸ்டர் கரைக்கு இறங்கி வந்து, ஒலிபெருக்கிக்காரரின் மேசைக்கு எட்டி, தானே அந்தப் பட்டனை அமுக்கினார்.

ஒலிபெருக்கியில் மாஸ்டரின் குரல் எழுந்தது. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு நின்றார். முதல் வயல் வங்காளிக் குடும்பத்தினுடையது. சங்கை உதட்டுக்குக் கொண்டுபோயிருந்த பெண், ஒலிபெருக்கியிலிருந்தே சங்கு ஊதுவதைக் கேட்டு, மெல்ல அதை இறக்கினாள். நாற்காலிக் கூட்டம் கைதட்டியது. இரண்டாவது, மூன்றாவது வயல். வயல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்காவது, ராஞ்சிப் பெரியவருடைய வயல்.

அந்தப் பெரியவர் முந்திய மழைக்காலத்தில் இறந்துபோயிருந்தார். அவருடைய மகனுக்கு முப்பது வயதுக்கு மேலிருக்கும், காட்டிலாகாவில் தினக்கூலி. அப்பாவின் மாந்தருக்குப் புதுத் தோல் போட்டு, அப்பாவுக்குப் பதிலாக முதல் தடவை பதில் கொடுக்க வந்திருந்தார். இரண்டு கைகளும் மேளத்தின்மேல் இருந்தன. ஒலிபெருக்கியில் பெரியவருடைய மேளம் ஒலித்தது. முதலில் நிதானமாக இரண்டு அடி, ஒரு மூச்சு நேரம் மௌனம், பிறகு அடைமழைபோல. வேறு யாரும் அப்படி அடிக்க மாட்டார்கள். மகனின் கைகள் அப்படியே நின்றன.

"மேரா பாப் மர் கயா" என்றார். "யே கௌன் பஜா ரஹா ஹை?" என் அப்பா செத்துப்போனார், இதை வாசிப்பது யார் என்று அர்த்தம். சத்தம் போடவில்லை. பக்கத்திலிருந்த என்னைக் கேட்பதுபோல இருந்தது. ஒலிபெருக்கிக்காரர்தான், "ரெக்கார்டிங் ஹை பாய், ரெக்கார்டிங்" என்று சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

மகன் மாந்தரைக் கழற்றிப் புல்லில் வைத்தார். நேராக நடந்துபோய், ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தாங்கும் மூங்கிலைப் பிடித்து இழுத்தார். அடுக்கு முன்பக்கமாகச் சரிந்து நாற்காலி வரிசையின்மேல் விழுந்தது. அடியில் ஒருவருடைய கால் அகப்பட்டது. அந்த எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். விழும்போதும் ஒலிபெருக்கியில் மேளம் நிற்கவில்லை. கால் அடிபட்டவரின் ஆட்கள் ஓடிவந்து, பந்தல் கம்பைப் பிடுங்கி, பெரியவர் மகனின் தலையில் அடித்தார்கள். அவர் விழுந்தார். விழுந்தவரை உதைத்தார்கள். வயல்காரர்கள் அத்தனை பேரும் அவர்மேல் பாய்ந்தவர்கள்மேல் பாய்ந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததற்கு வரிசை கிடையாது. நான் பலரைக் கேட்டும் வரிசைப்படுத்த முடியவில்லை. டியூப் லைட்டுகளை உடைத்து அந்த உடைந்த முனையாலேயே குத்தினார்கள். மலையாளியின் ஜால்ரா ஒருவருடைய வாயில் பட்டுப் பற்கள் சிதறின. சங்கு வைத்திருந்த பெண் அதனாலேயே ஒருவன் நெற்றியைப் பிளந்தாள். அவளை அதற்கு முன்னும் பின்னும் எனக்குத் தெரியும், கோழியை விரட்டக்கூடக் குரல் உயர்த்தாதவள். நாற்காலிகள் பறந்தன. ஒருவர் மல்லாந்து கிடந்தார், அவர் வயிற்றின்மேல் மிதித்துக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். விருந்தினரின் கார் விளக்கைப் போடாமலேயே பின்னால் போய் மறைந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் லத்தியைச் சுழற்றினார்கள், யாரை அடிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக இழுத்தாள். அவள் கண் மேடைமேல் இருந்தது.

அடிக்குத் தப்பி ஓடியவர்கள் நடைப்பலகை வழியாக மேடையில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைத் துரத்தியவர்களும் ஏறினார்கள். மேடை கரைப்பக்கமாகச் சாய்ந்தது. ஒரு பீப்பாய் கட்டவிழ்ந்து வெளியே குதித்தது. குழந்தைகள் சாய்ந்த பலகையில் சறுக்கி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். முந்திய மழைக்காலத்தில் ஒரு கன்றுக்குட்டியை முதலை இழுத்துப்போனதிலிருந்து அந்தத் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் யாரும் இறங்குவதில்லை. எச்சரிக்கைப் பலகை எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அத்தான் மேடையைக் கரையிலிருந்து விலக்க, நடைப்பலகையை ஆட்களோடு சேர்த்து உதைத்துத் தள்ளினார். கரைக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பிறகு தாவை எடுத்துக்கொண்டு மறு மூலைக்கு, தென்னையில் கட்டிய கயிற்றுக்கு ஓடினார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததால் கயிறு இறுகி, முடிச்சு அவிழ்கிற நிலையில் இல்லை.

அப்போது மாஸ்டர் தண்ணீரில் இருந்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன். அவரை நான்கைந்து பேர் தேடினார்கள், பட்டனை அமுக்கியவர் அவர் அல்லவா. இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தென்னையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் கயிற்றைப் பற்றி மேடையில் ஏறப் பார்த்தார். தாவ் உயர்ந்தது. கரையிலிருந்த கடைசி விளக்கின் வெளிச்சம் அதில் பட்டது. இறங்கியது. மேடை ஒரு குலுக்கலோடு விடுபட்டு, ஏறும் நீரோடு உள்பக்கம் நகர்ந்தது. மாஸ்டர் கத்தியது எனக்குக் கேட்டது. வெட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதை என்னால் சொல்ல முடியாது.

இரண்டு பேர் பயத்தை மறந்து தண்ணீரில் இறங்கி அவரை இழுத்து வந்தார்கள். என் துண்டால் அந்தக் கையைச் சுற்றினேன். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல். துண்டு உடனே கனத்தது. அவர் என் முகத்தைப் பார்த்து, "நாளைக்குக் கல்யாணம்" என்றார்.

மேடை வெகுதூரம் போகவில்லை. அத்தான் பேனர் மூங்கிலைப் பிடுங்கித் தண்ணீரில் ஊன்றி, அதைத் தன் வயல் வரப்பின்மேல் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். மேடையில் இருந்த ஒரு குழந்தை பிறகு என்னிடம் சொன்னது, அவர் திரும்பத் திரும்ப, "யாரும் அழக்கூடாது, இது தண்ணி இல்ல, என் வயலு, கீழ வரப்பு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். டிங்கி என்னும் சிறு படகு போய் எல்லாக் குழந்தைகளையும் அழைத்து வந்தது. ஒரு குழந்தைக்கும் காயமில்லை. ராஞ்சிப் பெரியவரின் மகன் பிழைத்துக்கொண்டார். இடது காது கேட்பதில்லை.

டிங்கியில் போன போலீஸ்காரர், கை போன விஷயத்தைச் சொன்னதும் அத்தான், "யாரு கை?" என்று கேட்டதாகச் சாட்சி சொன்னார். டிங்கியை ஓட்டியவரோ, தாங்கள் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே, "அவன் கை எப்படி இருக்கு?" என்று அத்தான் கேட்டதாகச் சொல்கிறார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இருவரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

வழக்கு வந்தது, வேலையிலிருந்து இடைநீக்கம் வந்தது. கையை வெட்டிவிடுவேன் என்று மதியம் சொன்னதைக் கேட்டவர்கள் நிறையப் பேர். கேட்டவர்கள் அத்தனை பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் அப்போது எல்லோரும் சிரித்தோம் என்பதை யாரும் வாக்குமூலத்தில் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வார்கள். என்னைக் கேட்காமலேயே நான் சொன்னேன், எழுதிக்கொண்டவர் அதை எழுதவில்லை.

ஜாமீனில் வந்த அத்தான் அதற்குப் பிறகு வீட்டு முற்றத்திலேயே இருந்தார். அக்கா அவரைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான் இருக்கும்போதே கேட்டாள்.

"அவன் கை அங்க இருந்தத பாத்தீங்களா, இல்லையா?"

"பன்னெண்டு பிள்ளைக இருந்துச்சு மேடையில. பாத்திருந்தாலும் வெட்டியிருப்பேன்."

"அத நான் கேக்கல. பாத்தீங்களா?"

"கயித்தத்தான் பாத்தேன். ஒரே வெட்டு. போதுமா?"

போதவில்லை. ஒரே வெட்டு என்பது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. வெட்டியது சரிதான் என்று அவளும்கூட நினைத்தாள். மதியம் கையை வெட்டுவேன் என்று சொன்ன மனிதர் மாலையில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே வெட்டினாரா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த மனிதரோடுதான் அவள் நாற்பது வருடம் வாழ்ந்திருந்தாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், வக்கீல் வீட்டுக்குக் கூடப் போய்வந்தாள். ஆனால் மாலையில் முற்றத்தில் அவர் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். அத்தானுக்கு அது தெரிந்திருந்தது. ஒரு தடவை என்னிடம், "ஒங்க அக்கா கோர்ட்ட விட மோசம் மாப்ள, வாய்தாவே தர மாட்டேங்குறா" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

இந்த வருடம் பொங்கல் கழிந்து சில நாளில் அந்த முற்றத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்துபோனார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்ததால் வழக்கும் முடிந்தது. மாஸ்டர் துக்கத்துக்கு வந்தார். வலக்கையில் இருக்கிற இரண்டு விரலால் மாலையைப் பிடித்துப் போட்டார். அக்கா அவரைத் தனியே கூப்பிட்டு, நான் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டாள்.

"அண்ணன் பேரச் சொல்லிக் கத்துனேன்னு போலீஸ்ல சொன்னியாமே. கத்துனியா?"

"கத்தினேன் அக்கா. ஆனா அங்க யாரு கத்தல?"

இந்தச் சித்திரைப் பௌர்ணமிக்கு மேடை இல்லை, பேனர் இல்லை, நாற்காலி இல்லை. வயல்காரர்கள் மட்டும் வந்தார்கள். கூப்பிடுவதற்கு ஆள் யார் என்று தயங்கியபோது, ராஞ்சிப் பெரியவரின் மகன்தான் மாஸ்டரைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். வெறும் குரலில் மாஸ்டர் கூப்பிட்டார். சங்கு ஊதினார்கள். மாந்தர் ஒலித்தது. மகனுடைய அடி வேறு மாதிரி, நிறுத்தமே இல்லாமல் அடிக்கிறார். ஒரு காதைச் சாய்த்துத் தன் மேளத்தையே கேட்டுக்கொள்கிறார். டப்பு, ஜால்ரா. கடைசியில் மாஸ்டர் மேலக்கட்டு என்று கூப்பிட்டார். சத்தம் இல்லை. அவர் மறுபடி கூப்பிடவில்லை, காத்திருந்தார். அக்கா புடவைத் தலைப்பிலிருந்து மணியை வெளியே எடுத்து ஒரு தடவை அடித்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் என்னிடம் சொன்னாள்: "நீ இதையெல்லாம் எழுதுவ. அவரு பாக்கலன்னு எழுது. நீ எழுதினா தேதியோட எழுதுவ, எல்லாரும் நம்புவாங்க." மணியைத் தலைப்பில் முடிந்துகொண்டே, "நானும் நம்பிருவேன்" என்றாள்.

அவளைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டு, நீர் மீண்டும் ஏறுவதற்குள் வரப்பின்மேல் நடந்து அந்தத் தென்னைவரை போனேன். கயிறு மூன்று சுற்றாக அப்படியே இருந்தது. பாசியை விரலால் துடைத்தேன். முனை சீராக, ஒரே கோட்டில் அறுபட்டிருந்தது. அதற்கு ஒரு சாண் உள்ளே, மாஸ்டர் கை வைத்துப் பிடித்திருக்கக்கூடிய இடத்தில், பாதி ஆழத்துக்கு இன்னொரு வெட்டு இருந்தது. மீன் பிடிக்க வந்தவர் யாராவது பிறகு வெட்டியதாகவும் இருக்கலாம். அன்று மதியம் கட்டும்போதே பட்டதாகவும் இருக்கலாம். அப்படி இல்லையென்றால், ஒரு தடவை இறங்கியதாக நான் பார்த்த தாவ் இரண்டு தடவை இறங்கியிருக்கிறது. இரண்டாவது தடவை இறங்கும்போது அந்தக் கை அங்கே இருந்தது தெரியாமல் இருந்திருக்காது.

கரைக்குத் திரும்பியதும் அக்கா, "கயிறு இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அன்றைய குறிப்பு இது: "வற்றம் மாலை நான்கு மணி வாக்கில். வயல் கூப்பிட்டார்கள். மேலக்கட்டுக்கு அக்கா மணி. கயிற்றில் இரண்டு வெட்டு. அத்தான் பார்த்தாரா என்பது சரிபார்க்கப்படவில்லை."